ஜீனை மாத்தலாமா, கூடாதா? உங்க கேள்விகளும் பதில்களும்

போன இதழ்ல தலசீமியாவுக்கு, அதாவது ரத்தத்துல ஹீமோகுளோபின் சரியா உருவாகாத பரம்பரை நோய்க்கு, கிரிஸ்பர்ங்கற ஜீன் வெட்டுற கருவியால செய்யற புது ஜீன் சிகிச்சை பத்தி சின்னதா ஒரு செய்தி போட்டிருந்தோம். அதுக்கப்புறம் வந்த கேள்வியெல்லாம் ஜீன் பத்தியேதான், கல்யாணம், கொசு, டோஃபு, கடவுள் வரைக்கும் போயிடுச்சு, அதனால இந்தத் தடவை பக்கம் முழுக்க அதுக்கே குடுத்துட்டோம்.

அக்கா, டி.என்.ஏ, ஜீன், குரோமோசோம் எல்லாம் ஸ்கூல்ல படிச்சாச்சு, பரீட்சையில எழுதவும் வரும். ஆனா கிரிஸ்பர்ங்கறது இத்தனை கோடி எழுத்துக்கு நடுவுல ஒரே ஒரு இடத்தை எப்படிக் கண்டுபிடிச்சு வெட்டுதுன்னு மட்டும் புரியவே இல்ல.
செகண்டரி 4 மாணவர், ஈசூன்

தம்பி, இதை நிறைய பெரியவங்களே கேக்காம தாண்டிப் போயிடுவாங்க, நீங்க கேட்டது ரொம்ப சந்தோஷம்.

ஏ, டி, ஜி, சி-ன்னு நாலே எழுத்துதான், ஆனா அம்மாகிட்டருந்து வர்ற ஒரு செட்டுலயே சுமார் 300 கோடி எழுத்து இருக்கு, அப்பாகிட்டருந்து இன்னொரு 300 கோடி. இதுல புரதம் செய்ய குறிப்பு வச்சிருக்கற ஜீனுங்க ஏறக்குறைய 20,000 தான். கிரிஸ்பர்ல ரெண்டு பாகம் உண்டு. ஒண்ணு வெட்டுற புரதம், அதுக்குப் பேரு காஸ்9. இன்னொண்ணு வழி காட்டுற ஆர்.என்.ஏ, அதுல 20 எழுத்து நாம எழுதி அனுப்புறோம். டாக்சியில ஏறி ஆறு நம்பர் போஸ்டல் கோட் சொன்னா ஊருல இத்தனை ஆயிரம் புளோக் இருந்தாலும் நேரா நம்ம புளோக் கீழ கொண்டு வந்து விட்டுடறாங்கல்ல, அந்த 20 எழுத்து செய்யற வேலையும் அதேதான். ஏன் 20 போதும்னா, நாலு எழுத்தை வச்சு 20 இடத்தை நிரப்பினா ஒரு லட்சம் கோடிக்கும் மேல விதவிதமா எழுதலாம், நம்மகிட்ட இருக்கறது 300 கோடி இடம்தான், அதனால சரியாத் தேர்ந்தெடுத்தா அதே 20 எழுத்து வேற எங்கயும் வராம பாத்துக்க முடியும். காஸ்9 டி.என்.ஏ மேல ஊர்ந்துகிட்டே போய் ரெண்டு ஜி சேர்ந்து இருக்கற இடத்துல எல்லாம் நின்னு, பக்கத்துல இருக்கற இழையைக் கொஞ்சம் பிரிச்சு, வழிகாட்டியோட ஒத்துப் பாக்குது. ஒத்துப்போனா வெட்டு, இல்லன்னா அடுத்த இடம்.

வெட்டுனதோட அதோட வேலை முடிஞ்சுது. ஒட்ட வைக்கறது நம்ம செல்லு. அவசரத்துல ஒட்டும்போது ஒண்ணு ரெண்டு எழுத்து விட்டுப் போயிடும், அந்த ஜீன் வேலை செய்யாம நின்னுடும். நிறைய சிகிச்சையில நமக்கு வேணுங்கறதே அதுதான். பிரச்சினை எங்கன்னா, 20 எழுத்துல ஒண்ணு ரெண்டு மட்டும் மாறியிருக்கற வேற இடத்துலயும் சில சமயம் போய் வெட்டிடும். அங்க புற்றுநோயைத் தடுக்கற ஜீன் ஏதாவது இருந்துச்சுன்னா? இந்தப் பயம் நியாயமான பயம், ஆராய்ச்சிக்காரங்க இதுக்குன்னு வருஷக்கணக்கா உழைக்கறாங்க.

இந்தக் கருவியை மனுஷன் உக்காந்து செய்யல, பாக்டீரியா தன்னைத் தாக்குற வைரஸை வெட்டிப் போடறதுக்கு வச்சிருந்தது. அதை நாம சொல்ற இடத்துல வெட்ட வைக்கலாம்னு 2012ல காட்டுனவங்க எம்மானுயெல் ஷார்பொன்டியேவும் ஜெனிஃபர் டவுட்னாவும். 2020ல வேதியியல் நோபல் பரிசு ரெண்டு பெண்களுக்கும் சேர்த்துக் குடுத்தாங்க.

என் மாமியாருக்கு வயசு எழுபத்தெட்டு, சுத்த சைவம். இன்சுலின் மாட்டுலருந்து எடுக்கறதுன்னு கோயில்ல யாரோ சொல்லிட்டாங்க, அதுலருந்து ஊசி போட விடமாட்டேங்கறாங்க. உண்மையா?
வாசகி, தோ பாயோ

முதல்ல ஊசியை நிறுத்த விடாதீங்க, இன்னிக்கே பாலிகிளினிக்ல சொல்லி அங்க இருக்கற நர்ஸ் வாயாலயும் ஒரு தடவை சொல்ல வைங்க.

அந்தக் காலத்துக்கு அது உண்மை. இன்சுலின் கண்டுபிடிச்ச 1921லருந்து அறுபது வருஷம் மாட்டுக் கணையத்துலருந்தும் பன்றிக் கணையத்துலருந்தும்தான் எடுத்தாங்க. நம்ம இன்சுலின்ல 51 அமினோ அமிலம், மாட்டோடதுல மூணு வித்தியாசம், பன்றியோடதுல ஒண்ணே ஒண்ணு. 1978ல அமெரிக்காவுல மனுஷ இன்சுலினுக்கான ஜீனை பாக்டீரியாவுக்குள்ள வச்சு இன்சுலின் செய்ய வச்சாங்க, 1982ல அது மருந்தா வந்துடுச்சு. இப்ப சிங்கப்பூர்ல பாட்டிங்க போட்டுக்கற இன்சுலின் பாக்டீரியா இல்லன்னா ஈஸ்ட் செஞ்சு குடுக்கறது, இட்லி மாவு புளிக்க வைக்கற மாதிரி நுண்ணுயிருங்கதான்னு சொல்லுங்க, அவங்களுக்குப் புரியும்.

ஜீனை மாத்தறதே தப்புன்னு ஒரேயடியா பேசறவங்ககிட்ட நான் முதல்ல சொல்றது இந்த இன்சுலினைத்தான். இது தொடங்குன காலத்துல விஞ்ஞானிங்களே பயந்து, 1974ல சில பரிசோதனைகளைத் தாங்களா நிறுத்தி வச்சு, 1975ல கலிபோர்னியாவுல அசிலோமார்ங்கற இடத்துல கூடி, எது எதை எவ்வளவு பாதுகாப்போட செய்யணும்னு விதி போட்டுக்கிட்டுதான் மறுபடி ஆரம்பிச்சாங்க. அந்த நிதானம் இருந்ததாலதான் மாமியாருக்கு இன்னிக்கு மருந்து இருக்கு.

என் மகனுக்கு என்.எஸ். (தேசிய சேவை) மெடிக்கல் செக்கப்புல தலசீமியா மைனர்னு சொன்னாங்க. அப்புறம் எனக்கும் டெஸ்ட் பண்ணாங்க, எனக்கும் இருக்காம். இப்ப தஞ்சாவூர்ல இருக்கற என் அண்ணன் பொண்ணை அவனுக்குப் பேசிட்டு இருக்கோம், ரெண்டு பேருக்கும் புடிச்சிருக்கு. இதைச் சொன்னா அண்ணி சம்பந்தமே வேணாம்னுடுவாங்களோன்னு பயமா இருக்கு. அந்த கிரிஸ்பர் சிகிச்சையை எப்படியாவது எடுத்து ஜீனை சரி பண்ணிட்டா யாருக்கும் சொல்ல வேண்டியதில்லையே மேடம்?
வாசகி, உட்லண்ட்ஸ்

அம்மா, உங்க கடிதத்தைத்தான் நான் அதிக நேரம் கையில வச்சிருந்தேன். ஒண்ணொண்ணா சொல்றேன்.

மைனர்ங்கறது நோய் இல்ல, பெத்தவங்கள்ல ஒருத்தர்கிட்டருந்து மட்டும் அந்த மாறின ஜீன் வந்திருக்குன்னு அர்த்தம். உங்க மகன் என்.எஸ். முடிச்சுட்டு ஓடியாடி வேலைக்குப் போயிட்டு இருக்கான், நீங்க பிள்ளை பெத்து வளர்த்துட்டீங்க, ரெண்டு பேருக்கும் எந்த மருந்தும் வேணாம். ரத்தச் சிவப்பணு கொஞ்சம் சின்னதா இருக்கும், அவ்வளவுதான். நான் லேப்ல வேலை பாத்த காலத்துல இந்த மாதிரி ஸ்லைடு நிறையப் பாத்திருக்கேன். சிவப்பணுவெல்லாம் வழக்கத்தை விடப் பொடிசா, வெளுத்துப் போய், சிலது நடுவுல ஒரு புள்ளியோட வட்டமா இலக்குப் பலகை மாதிரியே தெரியும். பாத்தவுடனே இரும்புச்சத்து குறைச்சல்னு தப்பா நினைச்சு வருஷக்கணக்கா இரும்பு மாத்திரை முழுங்குறவங்க உண்டு, இரும்பு அளவு நிஜமாவே குறைஞ்சிருக்குன்னு டெஸ்ட்ல வந்தாலொழிய அது வேணாம்.

இப்ப அந்தச் சிகிச்சை. காஸ்கெவின்னு பேரு, 2023 நவம்பர்ல பிரிட்டன்ல முதல்ல அனுமதி குடுத்தாங்க, அமெரிக்காவுல தலசீமியாவுக்கு 2024 ஜனவரியில. கருவுல இருக்கும்போது நமக்கு வேற வகை ஹீமோகுளோபின் உண்டு, பொறந்து சில மாசத்துல அது அணைஞ்சு பெரியவங்க ஹீமோகுளோபின் வந்துடும். அணைக்கறதுக்கு பி.சி.எல்.11ஏ-ன்னு ஒரு ஜீன் இருக்கு. எலும்பு மஜ்ஜையோட ஸ்டெம் செல்லை உடம்புலருந்து எடுத்து, அந்த ஜீனை ரத்தச் செல்லுல மட்டும் அடக்கி வச்சு, திரும்ப உடம்புக்குள்ள விட்டா, கருக்கால ஹீமோகுளோபின் மறுபடி சுரக்க ஆரம்பிச்சுடுது. கேக்கவே அழகா இருக்கில்ல? ஆனா திரும்ப விடறதுக்கு முன்னாடி பழைய மஜ்ஜையை கீமோ மருந்தால காலி பண்ணணும், வாரக்கணக்குல ஆஸ்பத்திரியில தனியா இருக்கணும், அந்தக் கீமோவால பிள்ளை பொறக்கற சக்தியே போகலாம். அமெரிக்காவுல விலை 22 லட்சம் அமெரிக்க வெள்ளி. இது அப்பா அம்மா ரெண்டு பேருகிட்டருந்தும் மாறின ஜீன் வந்து தலசீமியா மேஜர் ஆகி, மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை வாழ்நாள் பூரா ரத்தம் ஏத்திக்கறவங்களுக்கான சிகிச்சை. உங்க மகன் மாதிரி ஜீன் இருந்தும் நோய் இல்லாம நல்லா இருக்கற கேரியருக்கு எந்த டாக்டரும் குடுக்க மாட்டாங்க.

அதோட இன்னொரு விஷயம், இதை நிறைய பேரு கவனிக்கறதில்ல. அந்தச் சிகிச்சை மாத்தறது ரத்தம் செய்யற செல்லை மட்டும்தான். விந்தணுவுல இருக்கற ஜீன் அப்படியே இருக்கும், பிள்ளைக்குப் போறதும் அப்படியே போகும். அதனால எடுத்தாலும் சொல்லாம இருக்க முடியாது.

சரி, கணக்குக்கு வருவோம். சிங்கப்பூர்ல நூத்துக்கு சுமார் மூணு பேரு தலசீமியா கேரியர். ஆனா உங்க அண்ணன் பொண்ணு விஷயத்துல கணக்கு வேற. உங்களுக்கு இந்த ஜீன் உங்க அப்பா அம்மா ரெண்டு பேருல ஒருத்தர்கிட்டருந்து வந்திருக்கு, அதே ஜீன் உங்க அண்ணனுக்கும் வந்திருக்க ரெண்டுல ஒரு வாய்ப்பு, அவர்கிட்டருந்து பொண்ணுக்குப் போயிருக்க அதுல பாதி, ஆக நாலுல ஒரு வாய்ப்பு. வெளியில பொண்ணு எடுத்தா நூத்துல மூணு, தாய்மாமன் பொண்ணுன்னா நூத்துல இருபத்தஞ்சு. சொந்தத்துல கட்டறதை நான் குறை சொல்ல வரல, எங்க வீட்டுலயும் உண்டு, ஆனா சொந்தத்துல கட்டும்போது இந்த டெஸ்ட் எடுக்காம இருக்கறது சரியே இல்ல.

பொண்ணுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும், தஞ்சாவூர்லயே எடுக்கலாம். ரத்த எண்ணிக்கையும் ஹீமோகுளோபின் பிரிச்சுப் பாக்கற டெஸ்டும், அதுல ஏ2ங்கற ஹீமோகுளோபின் வகை கூடுதலா இருக்கான்னு பாப்பாங்க. அவ கேரியர் இல்லன்னா மேளம் கொட்டிடலாம், பிள்ளைங்க சிலது உங்களை மாதிரி மைனரா பொறக்கலாமே தவிர மேஜர் வராது. அவளும் கேரியர்னா, ஒவ்வொரு கர்ப்பத்துலயும் நாலுல ஒரு வாய்ப்பு மேஜர் வர்றதுக்கு. ஒரு பிள்ளை நல்லாப் பொறந்துட்டா அடுத்ததுக்கு வாய்ப்பு குறையும்னு இல்ல, ஒவ்வொரு தடவையும் அதே நாலுல ஒண்ணு. அப்பவும் கல்யாணத்தைக் கைவிட வேண்டிய கட்டாயம் இல்ல. ஐ.வி.எஃப்-ல கருவைச் சோதிச்சு நோய் இல்லாததை வைக்கற வசதி இங்க இருக்கு, இல்லன்னா கர்ப்பம் தரிச்ச 11 வாரத்துக்கு மேல சோதிச்சுப் பாக்கலாம், இல்ல எதுவும் வேணாம் வர்றதை ஏத்துக்கறோம்னும் முடிவு எடுக்கலாம். கேகே ஆஸ்பத்திரியில 1992லருந்து தேசிய தலசீமியா பதிவகம் இருக்கு, அங்க இதைப் பொறுமையா உக்காந்து விளக்குவாங்க, மகனைக் கூட்டிட்டுப் போங்க.

அண்ணிகிட்ட சொல்லுங்க அம்மா. மேஜரோட வாழ்க்கை எப்படின்னு எனக்குத் தெரியும், அதனால சொல்றேன். ரத்தம் ஏத்தி ஏத்தி இரும்பு இதயத்துலயும் கல்லீரல்லயும் சேர்ந்துடும், அதை வெளியேத்த ஒரு மருந்து. மாத்திரை வர்றதுக்கு முன்னாடி அந்த மருந்தை வயித்துல ஊசி குத்தி, இடுப்புல ஒரு சின்ன பம்பைக் கட்டி, ராத்திரி பூரா எட்டுலருந்து பன்னெண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டா இறக்கணும், வாரத்துல பெரும்பாலான நாள். ஸ்கூல் போற பிள்ளை, தூக்கத்துல புரண்டா ஊசி கழண்டுடும், அம்மா எழுந்து மறுபடி குத்தணும். அந்தப் பொண்ணு இப்படி ஒரு அம்மாவா ஆகறதுக்கு வாய்ப்பு இருக்குன்னா அது அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும், அவ தெரிஞ்சு சம்மதிக்கணும். நீங்க மறைக்கறது உங்க மகன் குறையை இல்ல, அவளோட முடிவை.

சைப்ரஸ்னு ஒரு தீவு, அங்க ஏழுல ஒருத்தர் கேரியர். 1980களுலருந்து சர்ச்சுல கல்யாணம் பண்ண வர்ற ஜோடிகிட்ட டெஸ்ட் எடுத்ததுக்கு சர்டிபிகேட் கேக்கறாங்க. எடுத்துட்டு கல்யாணம் பண்ணாதீங்கன்னு யாரும் தடுக்கல, தெரிஞ்சுக்கிட்டுப் பண்ணுங்கன்னு சொன்னாங்க, மேஜரோட பொறக்கற பிள்ளைங்க கிட்டத்தட்ட இல்லாமலே போயிடுச்சு. நம்ம ஆளுங்க ஜாதகத்துல பத்துப் பொருத்தம் பாக்கறோம், அதோட இந்த ஒரு ரத்த டெஸ்டையும் சேர்த்துக்கிட்டா யாருக்கும் எந்தக் குறையும் வந்துடாது.

எங்க புளோக் கீழ தேசியச் சுற்றுப்புற வாரியம் கொசுவைக் கொண்டு வந்து விடறாங்க. ஜீன் மாத்தின கொசுன்னு எங்க வாட்ஸ்அப் குரூப்ல வந்துச்சு. குழந்தைங்களைக் கடிச்சா என்ன ஆகும்?
வாசகர், தெம்பனிஸ்

கடிக்காது. விடறது ஆண் கொசு, ஆண் கொசுவுக்கு ரத்தம் தேவையே இல்ல, பூந்தேன் குடிச்சு வாழும். ஜீனும் மாத்தல. 2016ல ஆரம்பிச்ச இந்தத் திட்டத்துல டெங்கியைக் குறைக்க வால்பாக்கியாங்கற பாக்டீரியா உள்ள ஏடிஸ் ஆண் கொசுவை விடறாங்க, அந்த பாக்டீரியா இயற்கையிலயே பாதிக்கு மேல பூச்சி இனங்கள்ல இருக்கறதுதான், ஆனா ஏடிஸ் எஜிப்டிங்கற இந்தக் கொசு இனத்துல இயல்பா இல்ல. இந்த ஆணோட வெளியில இருக்கற பெண் கொசு சேர்ந்தா முட்டை பொரியாது, தலைமுறை தலைமுறையா எண்ணிக்கை குறையும். பெண் கொசு தப்பித் தவறி கலந்துடக் கூடாதுன்னு கூட்டுப்புழு அளவை வச்சுப் பிரிக்கறாங்க, எக்ஸ்ரேயும் காட்டறாங்க. கொஞ்ச நாளைக்கு முகத்துக்கு முன்னாடி சுத்திக்கிட்டு தொந்தரவா இருக்கும், வாஸ்தவம்தான், பூந்தொட்டித் தட்டுல தண்ணி நிக்காம பாத்துக்கற வேலையும் நமக்குத் தொடர்ந்து உண்டு.

ஜீன் மாத்தின கொசு உலகத்துல இல்லாம இல்ல. பிரேசில்லயும், 2021லருந்து அமெரிக்காவுல ஃபுளோரிடா தீவுப் பகுதியிலயும் விட்டிருக்காங்க, பெண் புழுவெல்லாம் வளராம செத்துடற மாதிரி ஜீன் வச்சது. அதை விடப் பெரிய விஷயம் ஜீன் டிரைவ். சாதாரணமா ஒரு ஜீன் பாதிக் குட்டிக்குத்தான் போகும், ஜீன் டிரைவ் வச்சா கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் போயிடும். 2018ல லண்டன் இம்பீரியல் கல்லூரியில கூண்டுக்குள்ள இருந்த மலேரியா கொசுக் கூட்டத்தை இப்படிப் பதினொரு தலைமுறைக்குள்ள முழுசா இல்லாம பண்ணிக் காட்டினாங்க. வெளியில இன்னும் விடல, விடாததுக்குக் காரணமும் இருக்கு, கொசுவுக்கு எல்லைச் சாவடி தெரியாது, ஒரு நாடு சரின்னு சொல்லி விட்டா பக்கத்து நாட்டுக்காரங்க சம்மதம் குடுத்த மாதிரி ஆயிடுமா? ஆப்பிரிக்காவுல மலேரியாவால சாகற குழந்தைங்களை நினைச்சா சீக்கிரம் வரட்டும்னுதான் எனக்குத் தோணுது, ஆனா அந்த ஊர் மக்களைக் கேட்டுட்டு வரட்டும்.

தேக்காவுல வாங்கற கத்தரிக்காய், டோஃபு எல்லாம் ஜீன் மாத்தினதா? சாப்பிடலாமா?
வாசகி, லிட்டில் இந்தியா

கத்தரிக்காய் பத்திக் கவலை வேணாம், இந்தியாவுல பிடி கத்தரிக்காய்க்கு, அதாவது பூச்சியைத் தாங்கற மாதிரி ஜீன் வச்ச கத்தரிக்காய்க்கு, 2010லயே தடை போட்டாச்சு, பங்களாதேஷ்ல 2013லருந்து அனுமதி. டோஃபு விஷயத்துல, அமெரிக்காவுல விளையற சோயாவுல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல ஜீன் மாத்தினதுதான், இங்க தனியா லேபிள் போடணும்னு கட்டாயம் இல்ல, ஆனா பாதுகாப்பு சோதிச்சு அனுமதிச்சதுதான் கடைக்கு வரும். சாப்பிடற எல்லாத்துலயும் ஜீன் இருக்கு, எல்லாம் வயித்துல செரிச்சுடும், நம்ம ஜீனைப் போய் மாத்தாது. எனக்கு இதுல இருக்கற வருத்தம் உடம்பு சம்பந்தப்பட்டது இல்ல, விதை உரிமை எல்லாம் கம்பெனி கையில போயிடறதுதான். அதனாலதான் 2025 மே மாசம் இந்தியாவுல அரசாங்க ஆராய்ச்சி நிலையங்களே சம்பா மசூரி ரகத்தை கிரிஸ்பர்ல திருத்தி புது நெல் வெளியிட்டப்ப சந்தோஷப்பட்டேன்.

எங்களுக்கு முதல் குழந்தைக்கு ஐ.வி.எஃப் முயற்சி நடக்குது. சீனாவுல ஏற்கனவே ஜீன் மாத்தின குழந்தைங்க பொறந்திருக்குன்னு படிச்சோம். இன்னும் பத்து வருஷத்துல நல்ல மூளை, நல்ல உயரம், கண்ணாடி போடாத கண்ணுன்னு எல்லாம் வச்சே பிள்ளை பெத்துக்கலாம்னு நண்பர் சொல்றார். வசதி இருந்தா செஞ்சா என்ன தப்பு?
கணவன் மனைவி, செங்காங்

உங்க முயற்சி நல்லபடியா முடியணும். நீங்க வெளிப்படையா கேட்டதால நானும் அப்படியே சொல்லிடறேன், இது தப்புன்னுதான் நான் நினைக்கறேன், காரணத்தையும் சொல்றேன்.

சீனாவுல நடந்தது இது. ஹே ஜியான்குய்ங்கற விஞ்ஞானி, 2018 நவம்பர்ல ஹாங்காங்ல நடந்த மாநாட்டுல தான் கருவுலயே ஜீனை மாத்தி ரெட்டைப் பெண் குழந்தைங்க பொறந்துட்டதா சொன்னார். எச்.ஐ.வி. நுழையற சி.சி.ஆர்.5ங்கற கதவை மூடறதுதான் நோக்கமாம். அப்பாவுக்கு எச்.ஐ.வி. இருந்துச்சு, ஆனா விந்தணுவைக் கழுவிப் பயன்படுத்தினாலே குழந்தைக்கு வராம தடுக்க முடியும், அதையும் செஞ்சிருந்தாங்க, அதனால அந்தக் குழந்தைங்களுக்கு இது தேவையே இல்ல. இயற்கையில சிலருக்கு அந்த ஜீனோட ரெண்டு பிரதியிலயும் 32 எழுத்து இல்லாம இருக்கும், அவங்களுக்கு எச்.ஐ.வி. பெரும்பாலும் தொத்தாது, ஆனா இந்தக் குழந்தைங்களுக்கு வந்தது அந்த 32 எழுத்து மாற்றம் இல்ல, இதுவரைக்கும் எந்த மனுஷருக்கும் சோதிச்சுப் பாக்காத புது மாற்றங்கள். ஒரு குழந்தைக்கு ஒரு பிரதியில மட்டும்தான் மாறியிருந்துச்சு, அதனால பாதுகாப்பும் கிடைக்காது. 2019 டிசம்பர்ல அவருக்கு மூணு வருஷ ஜெயிலும் 30 லட்சம் யுவான் அபராதமும் போட்டாங்க. அந்தக் குழந்தைங்க இப்ப ஸ்கூலுக்குப் போற வயசு, தங்களுக்கு என்ன செஞ்சாங்கன்னு ஒரு நாள் தெரிஞ்சுக்கப் போறாங்க, நாளைக்கு அவங்களுக்குப் பொறக்கற பிள்ளைங்களுக்கும் அது போகலாம்.

தலசீமியா சிகிச்சையில ஒரு வளர்ந்த ஆள் தன் உடம்புல, தான் கேட்டு, தான் கையெழுத்து போட்டு, ஆபத்தைத் தெரிஞ்சு செய்யறார், தப்பாப் போனாலும் அவரோட நின்னுடும். பச்சைக் குழந்தைக்கே செய்யறதும் உண்டு. 2025 மே மாசம் ஃபிலடெல்ஃபியாவுல ஒரு குழந்தைக்கு, ரத்தத்துல அம்மோனியா ஏறிக்கிட்டே போற கொடிய நோய்க்கு, அந்த ஒரு குழந்தைக்காகவே ஆறு மாசத்துல மருந்து செஞ்சு கல்லீரல்ல ஒரு எழுத்தைத் திருத்தின செய்தி வந்துச்சு, படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அங்க பெத்தவங்க முடிவு எடுத்தது உயிரைக் காப்பாத்த, மாறினது கல்லீரல் மட்டும். கருவுல மாத்தறது எல்லா செல்லுக்கும் போயிடும், பேரன் பேத்தி வரைக்கும் போயிடும், அவங்களை யாரு கேட்டாங்க? 1999ல அமெரிக்காவுல ஜெஸ்ஸி கெல்சிங்கர்னு பதினெட்டு வயசுப் பையன் ஜீன் சிகிச்சைப் பரிசோதனையில இறந்து போனான், தன் சம்மதத்தோடதான் சேர்ந்தான், ஆனா முன்னாடியே தெரிஞ்சிருந்த ஆபத்தை அவனுக்கு முழுசா சொல்லலைன்னு பின்னாடி தெரிய வந்துச்சு. சம்மதம் வாங்கியும் இப்படின்னா, சம்மதமே கேக்க முடியாதவங்க மேல செய்யறதுக்கு எவ்வளவு யோசிக்கணும்.

மூளை, உயரம் விஷயத்துக்கு வர்றேன். 2022ல 54 லட்சம் பேரோட டி.என்.ஏவை வச்சு உயரத்தை ஆராய்ஞ்சாங்க, சுமார் 12,000 இடத்துல இருக்கற சின்னச் சின்ன வித்தியாசம் சேர்ந்துதான் உயரம்னு வந்துச்சு. உயரத்துக்கே இப்படி, அறிவுக்கு என்னன்னு யோசிங்க. எந்த எழுத்தை மாத்துவீங்க, அது வேற எங்க போய் இடிக்கும்? கண்ணாடியும் அப்படித்தான். ரெண்டு தலைமுறைக்குள்ள நம்ம ஊருப் பிள்ளைங்கள்ல இத்தனை பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருக்கு, ஜீன் அவ்வளவு வேகமா மாறாது, வெயில்ல விளையாடற நேரம் குறைஞ்சது பெரிய காரணம். சாயங்காலம் விளையாட்டுத் திடலுக்கு அனுப்பறது எந்த லேபும் தராத பலன் தரும்.

வசதி இருந்தான்னு கேட்டீங்க. அதுதான் என்னை ரொம்ப உறுத்துது. டியூஷனுக்கே எவ்வளவு செலவு பண்றோம், யாரால முடியுது யாரால முடியலன்னு எல்லாருக்கும் தெரியும், அந்த வித்தியாசம் ரத்தத்துலயே எழுதப்பட்டு அடுத்த தலைமுறைக்கும் போயிட்டா அதை எந்தப் பள்ளிக்கூடம் சரி பண்ணும்?

சிங்கப்பூர்ல மனுஷ குளோனிங்குக்கு 2004லருந்து சட்டப்படி தடை. 2000லருந்து இருக்கற பயோஎதிக்ஸ் அட்வைசரி கமிட்டி (உயிரியல் நெறிமுறை ஆலோசனைக் குழு) 2024ல ஜீன் எடிட்டிங் பத்தி வெளியிட்ட அறிக்கையிலயும் கருவுல மாத்திக் குழந்தை பெத்துக்கறதை இப்ப அனுமதிக்கக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்கு. உங்க ஐ.வி.எஃப்-ல குடும்பத்துல பெரிய பரம்பரை நோய் இருந்தா கருவைச் சோதிச்சுப் பாக்கலாம், ஆணா பெண்ணான்னு தேர்ந்தெடுக்கறதுக்கு அனுமதி இல்ல. அது போதும்னுதான் நான் சொல்வேன்.

கடவுள் படைச்சதுல மனுஷன் கை வைக்கறது பாவம் இல்லையா?
வாசகர், சுவா சூ காங்

ஐயா, கண்புரை ஆபரேஷனை நாம பாவம்னு சொல்றதில்ல, சொட்டு மருந்தையும் சொல்றதில்ல. துன்பத்துல இருக்கறவங்களைக் குணப்படுத்தறது எந்த சாமிக்கும் பிடிக்காம போகாதுன்னு நான் நம்பறேன். அகம்பாவத்தோட, இன்னொருத்தர் பிள்ளை மேல சோதனை பண்ணிப் பாக்கறது பாவம், அதுக்கு ஜீன் வேணும்னு இல்ல.

ஆராய்ச்சிக்கு ரத்தம் குடுக்கச் சொல்லி என் கம்பெனி நண்பர் கூப்பிடறார், டி.என்.ஏ முழுக்கப் படிப்பாங்களாம். ஏதாவது நோய் வரும்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ்காரன் கழட்டி விட்டுடுவானா?
வாசகர், பொங்கோல்

2021 அக்டோபர்லருந்து சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதி நிறுவனங்களும் சேர்ந்து ஒரு ஏற்பாடு வச்சிருக்காங்க. பின்னாடி நோய் வருமான்னு சொல்ற ஜீன் டெஸ்ட்டை எடுத்துட்டு வான்னு உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆராய்ச்சியில வந்த முடிவைக் கேக்கவும் முடியாது. ஹன்டிங்டன் நோய், மார்பகப் புற்றுநோய் ஜீன் மாதிரி சிலதுக்கு, ரொம்பப் பெரிய தொகைக்கு பாலிசி எடுத்தா மட்டும் விதிவிலக்கு இருக்கு. ஏற்கனவே நோய் வந்து டாக்டர் சொல்லியாச்சுன்னா அதை மறைக்கக் கூடாது, அது வேற கணக்கு.

எனக்கு நம்ம ஆளுங்க நிறைய பேரு சேரணும்னு ஆசை. 2019ல வெளியான எஸ்.ஜி.10கே ஆய்வுல சீனர், மலாய்க்காரர், இந்தியர்னு 4,810 பேரோட டி.என்.ஏவைப் படிச்சாங்க, அதுக்கு முன்னாடி இந்த மாதிரித் தகவல்ல பெரும்பங்கு ஐரோப்பியர்களோடதுதான். நமக்குன்னு இருக்கற வித்தியாசம் அதுல தெரியாது. உதாரணத்துக்கு, மைபிபிசி3ங்கற இதய ஜீன்ல 25 எழுத்து விட்டுப் போயிருக்கறது தெற்காசியாவுல நூத்துக்கு நாலு பேருக்கு இருக்குன்னு 2009ல கண்டுபிடிச்சாங்க, வயசானப்புறம் இதயம் பலவீனமாகற ஆபத்தோட சம்பந்தப்பட்டது, மத்த இனத்துல அது ரொம்ப அபூர்வம். நம்ம ரத்தம் அந்த ஆய்வுல இல்லன்னா இது மாதிரி வெளியிலயே வராது.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த ஃபாரத்துல மூணு இடத்தைப் பாருங்க. பின்னாடி விலகிக்கணும்னா எப்படி விலகறது, உங்க தகவல் யார் கையில இருக்கும், எதிர்பாராம ஏதாவது நோய் அறிகுறி கண்ணுல பட்டா உங்களைக் கூப்பிட்டுச் சொல்லணுமா வேணாமா. கடைசிக் கேள்விக்கு வீட்டுக்காரம்மாகிட்டயும் பேசிட்டு பதில் எழுதுங்க, ஏன்னா உங்களுக்கு வர்ற செய்தி பிள்ளைங்களுக்கும் சேர்ந்துதான் வரும்.